ஏழு தடவை பிறந்த குழந்தை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணி 40 நிமிடத்துக்கு, அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை 2.8 கிலோ. பிரசவம் பார்த்தது அங்கே வேலை செய்யும் ஸ்டாஃப் நர்ஸ். சுற்றி எட்டிப் பார்த்தது என்னுடைய மாணவிகள் பதினான்கு பேர். அதில் முன்வரிசை நான்கு பேருக்குக் குழந்தையின் தலை தெரிந்தது. மற்றவர்களுக்கு முன்வரிசையின் பின்னந்தலை தெரிந்தது.

அன்று மாலைக்குள் அதே குழந்தை ஏழு தடவை பிறந்துவிட்டது. என் மேஜையில் அடுக்கி வைத்திருந்த ஏழு கேஸ் புக்குகளில் ஏழு பேர் அந்தப் பிரசவத்தை 'நானே பார்த்தேன்' என்று எழுதியிருந்தார்கள். தாயின் பெயர் ஒன்று, ஐ.பி. நம்பர் ஒன்று, நேரம் ஒன்று. ஒருத்தி மட்டும் அவசரத்தில் எடையை மாற்றிப் போட்டு 8.2 கிலோ என்று எழுதியிருந்தாள். பிறக்கும்போதே எட்டு கிலோவைத் தாண்டிய அந்த பீமசேனனுக்கும் நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டேன். ஆறு புத்தகத்தில் போட்ட கை ஏழாவதில் மட்டும் நிற்குமா?

நான் பதினோரு வருஷம் தனியார் நர்சிங் கல்லூரிகளில் மகப்பேறு பாடம் நடத்தியவள். யோக்கியம் பேச வரவில்லை, வாக்குமூலம் கொடுக்க வந்திருக்கிறேன்.

நான் பாடம் நடத்திய காலத்துப் பாடத்திட்டப்படி ஒரு மாணவி தன் கையால் 20 சுகப்பிரசவம் பார்த்திருக்க வேண்டும். நல்ல விதி. எழுதியவர் வார்டைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் என் வகுப்பில் 60 பேர். அறுபதை இருபதால் பெருக்கினால் 1,200. எங்களுக்கு ஒதுக்கிய நாட்கள் நான்கு வாரம். அதே நான்கு வாரத்தில் அதே வார்டில் இன்னும் மூன்று கல்லூரிகளின் பிள்ளைகள், வேறு வேறு நிறக் கோட்டுகளில், அதே கட்டிலைச் சுற்றி. எங்கிருந்து வரும் அத்தனை பிரசவம்? வந்தது. கணக்கு ஒன்றுகூடக் குறையாமல் வந்தது. தமிழ்நாட்டில் குழந்தைகள் குறைந்துகொண்டே போகின்றன என்று கவலைப்படும் பெரியவர்கள் ஒரு நடை வந்து எங்கள் கேஸ் புக்குகளைப் புரட்டிப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கலாம். காகிதத்தில் நாடு நிறைமாதமாக இருக்கிறது.

சேர்க்கும்போது சொல்வதே வேறு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் புரோக்கர் வீட்டு வாசலில் நிற்பார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். கையில் வழுவழுப்பான நோட்டீஸ். அதில் விமானம், அதற்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்பில் சிரிக்கும் ஒரு பெண். ஜெர்மனி, அயர்லாந்து, துபாய். 'உங்க பொண்ணு மூணு வருஷத்துல ஃபாரின்ல இருக்கும்ணே' என்பார். அண்ணன் கழனியை அடகு வைப்பார். சேர்ந்த அன்றே பெண்ணின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள் கல்லூரியை நடத்தும் கரஸ்பாண்டென்டின் அறை பீரோவுக்குப் போய்விடும். நான்கு வருஷக் கட்டணமும் முழுதாக வரும்வரை வெளியே வராது. கல்யாணம் பிடிக்காமல் ஓடப் பார்க்கும் பெண்ணின் தாலியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வதுபோல. அந்த பீரோவில் என்னுடைய எம்.எஸ்சி. சான்றிதழும் இருந்தது. ஏழு கையெழுத்து ஏன் போட்டேன் என்று இன்னும் கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வார்டு போஸ்டிங் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குத் தெரியாது. ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஒரு பெரியவர். தோல்தொழிற்சாலையில் வேலை பார்த்து நுரையீரல் போனவர். காலை எட்டரைக்கு நாற்பது பிள்ளைகள் உள்ளே நுழைந்தால் நடமாட முடியாத நோயாளிதான் முதலில் மாட்டுவார். ஒருத்தி பி.பி. பட்டையைச் சுற்றுவாள், கழற்றுவாள். அடுத்தவள் சுற்றுவாள். பதினோராவது பெண் கையைத் தொட்டபோது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் பேனாவால் 120/80 என்று எழுதியிருந்தது. 'இதப் பாத்து எழுதிக்கங்க தாயி. கை மரத்துப்போச்சு. எல்லாப் பிள்ளைங்களும் கடைசில இதத்தான் எழுதுதுங்க' என்றார். அந்த போஸ்டிங்கில் என் மாணவிகளுக்கு யாராவது உருப்படியாகப் பாடம் நடத்தியிருந்தால் அது அவர்தான்.

அளந்து முடித்த பின் எழுத வேண்டும். நர்சிங் கேர் பிளான் என்ற ஒன்று உண்டு. நோயாளியின் குறையைக் கேட்டு, அதற்கு ஆங்கிலத்தில் பெயர் சூட்டி, என்ன செய்தோம், என்ன பலன் என்று கட்டம் கட்டி எழுதுவது. ஒழுங்காகச் செய்தால் அருமையான பயிற்சி. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். அதனால் சீனியரின் புத்தகத்தைப் பார்த்துப் புது சீனியர் எழுதியது, அதைப் பார்த்து ஜூனியர் எழுதுவது என்று வேதம்போல வழிவழியாக வருகிறது. அந்தப் பெரியவர் இரவெல்லாம் தூங்கவில்லை. கொசு. மேலே மின்விசிறி ஓடவில்லை. மகன் குடித்துவிட்டு வந்து வராந்தாவில் சத்தம் போட்டான். கேர் பிளானில் இது 'டிஸ்டர்ப்டு ஸ்லீப் பேட்டர்ன் ரிலேட்டட் டு ஹாஸ்பிடலைசேஷன்' ஆயிற்று. எடுத்த நடவடிக்கை: அமைதியான சூழல் ஏற்படுத்தப்பட்டது. பலன்: நோயாளி நன்றாகத் தூங்கினார். இதை மாணவி எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணை விரித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடாதவளுக்கு மார்க் குறைப்பேன். தூங்காதவரைத் தூங்கியதாக எழுதியவளுக்குக் குறைத்ததில்லை.

இத்தனைக்கும் இந்தத் தொழிலின் குலதெய்வமான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அடிப்படையில் கணக்கு எழுதிய அம்மாள். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தால் செத்ததைவிட ஆஸ்பத்திரி அழுக்காலும் நோயாலும் செத்ததுதான் அதிகம் என்று எண்ணிக்கை போட்டு அரசாங்கத்தின் முகத்தில் வீசியவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர். 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது வார்டுக்குள்ளேயேதான் தொடங்கினார். நாம் அவரிடமிருந்து விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். வருஷா வருஷம் விளக்கேற்றும் விழா. புடவைக்கு, மெழுகுவத்திக்கு, போட்டோ ஆல்பத்துக்கு, மேடைக்கு வரும் பிரமுகரின் சால்வைக்கு எல்லாம் மாணவியிடம் வசூல். விளக்கு ஏந்தி அவர்கள் சேவை உறுதிமொழி எடுக்கும்போது கரஸ்பாண்டென்ட் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நான் பார்த்த எல்லா வருஷமும் துடைத்தார். அதே வாரம் ஹாஸ்டல் கட்டணத்தையும் ஏற்றினார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறேன். அதைச் சொல்லாவிட்டால் நெஞ்சு வேகாது.

நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த ஆஸ்பத்திரி வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற விகிதம் வேண்டும் என்பது அப்போது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. 1947-ஆம் வருஷச் சட்டத்தால் பிறந்த கவுன்சில். விதிகளில் குறை சொல்ல முடியாது. இன்ஸ்பெக்ஷன் திடீரென்று வரும் என்பதும் விதி. அந்தத் 'திடீர்' எந்தத் தேதியில் வரும் என்று எங்களுக்குப் பத்து நாள் முன்பே தெரிந்துவிடும்.

எங்கள் சொந்த ஆஸ்பத்திரி ஒரு மூன்று மாடிக் கட்டடம். கீழே ஒரு மருந்துக்கடையும் காய்ச்சலுக்கு ஊசி போடும் டாக்டர் ஒருவரும். மேலே இரண்டு மாடிகளிலும் காற்று. இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் இரவு ஹாஸ்டல் கட்டில்கள் எல்லாம் லாரியில் ஏறி அங்கே போயின. பிள்ளைகள் தரையில் பாயை விரித்துப் படுத்தார்கள். விடிந்ததும் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைக்கு 300 ரூபாய், மதியம் பிரியாணிப் பொட்டலம். வாட்டசாட்டமான ஆட்கள். அவர்களுக்குக் கட்டுப்போட்டு, வெறும் பாட்டில் மாட்டி, தலைமாட்டில் சார்ட் தொங்கவிட்டோம். கட்டுப்போட்டதில் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சி. அந்த வருஷம் அவர்கள் நிஜ மனுஷன்மேல் கட்டுப்போட்டது அன்றைக்குத்தான்.

வந்த அம்மையார்களில் ஒருவர் ஒரு கட்டிலருகே நின்று, 'உங்களுக்கு என்னய்யா பண்ணுது?' என்றார். அவன் யோசித்தான். சொல்லிக்கொடுத்தது மறந்துவிட்டது. 'எனக்கு மத்தியானம் வரைக்குந்தாங்க காய்ச்சல்' என்றான். அம்மையார் அசையவில்லை. கோப்பில் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஆசிரியர் பட்டியலில் இருந்த ஆறு பேரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வேனில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருத்தி என்னோடு எம்.எஸ்சி. படித்தவள். மூன்று கல்லூரி வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது. இறங்கினதும் என் காதருகே வந்து, 'இன்னைக்கு நான் எந்த காலேஜ்டி?' என்றாள். சொன்னேன். 'பதவி?' 'வைஸ் பிரின்சிபால்.' 'அப்படியா, போன மாசம் லெக்சரராத்தானே இருந்தேன்' என்று புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

லேபில் ஒரு பொம்மை உண்டு. பிரசவம் காட்டும் பொம்மை. வயிற்றைத் திறந்தால் உள்ளே குழந்தை, நஞ்சு, கொடி எல்லாம் ரப்பரில். நல்ல விலை. அன்று மட்டும் அலமாரிக் கதவு திறந்தது. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்தோம். மற்ற நாட்களில் சாவி கரஸ்பாண்டென்டின் மனைவியிடம். ஒரு தடவை பாடம் நடத்தக் கேட்டேன். 'பிள்ளைங்க கை வச்சா ரிப்பேர் ஆயிரும் மேடம்' என்றார். மனுஷிமேல் கை வைக்கலாம், ரிப்பேர் ஆனால் கல்லூரிக்குச் செலவில்லை.

அன்று மாலை லாரி திரும்பி வந்தது. கட்டில்கள் ஹாஸ்டலுக்கு, நோயாளிகள் சூளைக்கு, பொம்மை அலமாரிக்கு. கல்லூரிக்கு அனுமதி நீட்டிப்பு.

எங்கள் கரஸ்பாண்டென்ட் ஒரு மேதை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மத்தியப் பிரதேசச் செய்தியைப் படித்த பிறகு அவர் வெறும் கத்துக்குட்டி என்று தெரிந்தது. அங்கே நர்சிங் கல்லூரிகளைச் சோதிக்க உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யையே அனுப்பியது. 308 கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்து, 66 தகுதியே இல்லாதவை, 73-ல் குறைகள், 169 சரியாக இருக்கின்றன என்று அறிக்கை கொடுத்தார்கள். 2024 மே மாதம், 'சரி' என்று எழுதுவதற்குப் பத்து லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாகச் சி.பி.ஐ. இன்ஸ்பெக்டர் ஒருவரை சி.பி.ஐ.யே பிடித்தது. 169-ஐயும் முதலிலிருந்து சோதிக்கச் சொல்லி நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. திருடனைப் பிடிக்கப் போனவர் திருடனிடமே பங்கு வாங்கிக்கொண்டு, திருட்டு நடந்த வீட்டுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்த கதை. அந்த மாநிலத்தில் இந்தக் கூத்துக்கு நடுவே தேர்வே நடக்காமல் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தது யார்? படிக்கச் சேர்ந்த பிள்ளைகள்.

பாடப் புத்தகங்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2022 ஏப்ரலில் ஒரு நர்சிங் சமூகவியல் புத்தகத்தின் ஒரு பக்கம் நாடு முழுக்கச் சுற்றியது. அதில் வரதட்சணையின் நன்மைகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அழகில்லாத பெண்களைக் கரையேற்ற உதவுமாம். கவுன்சில் பாடத்திட்டப்படி எழுதியது என்று அட்டையில் வேறு. கவுன்சில் கண்டித்தது, எங்கள் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது. எல்லோரும் அதிர்ச்சியடைந்தார்கள். நான் அடையவில்லை. எங்கள் கல்லூரி வியாபாரமே பெண்ணைப் பெற்றவனின் பயத்தில் ஓடுவதுதான். புத்தகமும் அதே கடைச் சரக்கு.

காகிதத்தில் மட்டும்தான் என் மாணவிகள் வேலை செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கற்றுக்கொள்ள வேண்டிய வேலைக்கு நோயாளி கிடையாது, கூலி கொடுக்க வேண்டிய வேலைக்குக் குறைவே கிடையாது. நான் அடுத்துப் போன கல்லூரிக்கு நிஜமாகவே ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டாம் வருஷப் பெண்கள் இரவு டியூட்டிக்குப் போவார்கள். முப்பது படுக்கைக்கு ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ், மற்றதெல்லாம் எங்கள் பிள்ளைகள். டிரிப்ஸ் பாட்டில் மாற்றுவது, மூத்திரப் பையைக் காலி செய்வது, பில் செக்ஷனுக்கு ஓடுவது, டாக்டருக்கு டீ வாங்கி வருவது. சம்பளம் கிடையாது, பயிற்சி என்று பெயர். பயிற்சி என்றால் பக்கத்தில் கற்றுக்கொடுக்க ஒருவர் நிற்க வேண்டாமா என்று கேட்டேன். 'அதான் நீங்க இருக்கீங்களே மேடம், வாங்களேன் நைட்டு' என்றார்கள். அந்த இரவு டியூட்டிக்காக ஒவ்வொருத்தியின் அப்பாதான் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். காசு கொடுத்து மகளைக் கூலி வேலைக்கு அனுப்பும் பெருமை வேறு எந்தப் படிப்புக்கு உண்டு?

படித்து முடித்த பின்? 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, தனியார் ஆஸ்பத்திரி நர்சுக்கு எந்த நிலையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இப்போது எந்த வார்டில் அட்மிட் ஆகியிருக்கிறதோ. என் மாணவிகள் வாங்கியது எட்டாயிரம், ஒன்பதாயிரம். அரசாங்கமாவது என்று பார்த்தால், 2015-ல் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்குத் தமிழக அரசு கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து அதை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. கொரோனா வந்ததும் எல்லோரும் மாடியில் நின்று கை தட்டினோம், தட்டையும் தட்டினோம். விமானப்படை ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள்மேல் பூவைத் தூவியது. அந்த நேரத்தில் அவசரமாக எடுத்த ஒப்பந்த நர்சுகளில் சுமார் 2,400 பேரை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தமிழகத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு ஒப்பந்த வேலை தருகிறோம் என்றார்கள். பூ மட்டும் நிரந்தரம்.

இனி, 8.2 கிலோ என்று எழுதிய அந்தப் பெண்.

படிப்பு முடிந்து ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்திருந்தாள். சம்பளம் ஒன்பதாயிரம். ஒரிஜினல் சர்டிபிகேட் அங்கே பீரோவில். பீரோ மாறுகிறது, சர்டிபிகேட் அதேதான். ஒருநாள் ராத்திரி ஒன்றேமுக்காலுக்கு போன் வந்தது.

'மேடம், தலை தெரியுது.'

'யாருடி?'

'நான்தான் மேடம். டாக்டர் போன எடுக்கல. ஆயாம்மாவும் நானும்தான். தலை தெரியுது மேடம், நான் என்ன பண்ணணும்?'

இருபது பிரசவம் பார்த்தவள் கேட்கிறாள். இருபதுக்கும் கையெழுத்துப் போட்டவளிடம் கேட்கிறாள். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். முக்க வேண்டாம், வாயால் மூச்சு விடச் சொல்லு. ஒரு கையால் தலையைத் தாங்கு, படக்கென்று வெளியே வர விடாதே. இன்னொரு கையில் துணியை வைத்துக் கீழே அணை கொடு. தலை வந்துவிட்டதா? கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா, விரலை விட்டுப் பார். 'சுத்தியிருக்கு மேடம்' என்றாள். எனக்கு உள்ளங்கால் வியர்த்தது. லூசாக இருக்கிறதா? தலைக்கு மேலாக எடுத்து விடு. மெதுவாக. இழுக்காதே. பின்னால் அந்தத் தாயின் சத்தம், ஆயாம்மா குலதெய்வத்தை வேண்டுகிற சத்தம். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவுமில்லை. துடைடி, முதுகை நல்லாத் துடை, என்று நான் இருட்டில் கட்டிலில் உட்கார்ந்து கத்தினேன். என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

அழுதது.

ஆக்சிடோசின் பத்து யூனிட், தொடையில். நஞ்சு வந்ததும் முழுதாக வந்ததா என்று விரித்துப் பார். ரத்தம் எவ்வளவு போகிறது, வயிற்றைப் பிடித்துப் பார், கெட்டியாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் 'ஆமா மேடம்' என்றாள். குரல் நடுங்கினாலும் ஒன்றையும் தவறவிடவில்லை. கெட்டிக்காரிதான். ஒரு கட்டிலும் ஒரு தாயும் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் கிடைத்திருந்தால் நான்கு வருஷத்துக்கு முன்பே கற்றுக்கொண்டிருப்பாள்.

காலையில் அவளே கூப்பிட்டாள். பெண் குழந்தை, தாயும் நலம் என்றாள்.

'வெயிட்?'

'2.6 மேடம். ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் எழுதுனேன்.' சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'டாக்டர் எப்ப வந்தாங்க?'

'மூணு மணிக்கு மேடம். கேஸ் ஷீட்ல பிரசவம் பாத்தது அவங்கன்னு எழுதி சைன் பண்ணிட்டாங்க. பில்லும் அவங்க பேர்லதான்.' கொஞ்சம் நிறுத்தினாள். 'இருக்கட்டும் மேடம். எனக்குத்தான் ஏற்கெனவே இருபது இருக்கே.'